இமாடினிப் 400: பதினான்கு மாதமாகச் சாப்பிடுகிறவன் எழுதுவது

ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். என்டோஸ்கோபி செய்தபோது இரைப்பையில் எட்டு சென்டிமீட்டர் கட்டி. பயாப்சியில் ஜிஸ்ட் என்று வந்தது, இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் உள்சவ்வில் தொடங்கும். இது சுவருக்குள்ளே, குடலை அசைய வைக்கும் கஹால் செல்களின் வம்சத்தில் தொடங்குகிறது. நிணநீர் முடிச்சுகளுக்குப் பெரும்பாலும் பரவாதாம். அதனால் கட்டியோடு சுற்றியிருந்த கொஞ்சத்தை மட்டும் வெட்டியெடுத்தார்கள். அப்புறம் நோய் திரும்பாமலிருக்க மூன்று வருடத்துக்கு, தினம் ஒரு இமாடினிப் 400 மில்லிகிராம் மாத்திரை.

எப்படிச் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் காலையில் வெறும் வயிற்றில், ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டேன். இருபது நிமிடத்தில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டப்பாவுக்குள் மடித்திருந்த தாளில், எறும்பு எழுத்தில் இருந்தது: சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. அப்படி மாற்றியதும் வாந்தி நின்றது.

முடி கொட்டவில்லை. அதனாலேயே எனக்குப் புற்றுநோய் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. ஆனால் காலையில் கண்ணிமை இரண்டும் உப்பியிருக்கும், ராத்திரியெல்லாம் அழுதவன் மாதிரி. பத்து மணிக்குமேல் வடிந்துவிடும். கெண்டைக்கால்தான் படுத்துகிறது. நடுராத்திரியில் சதை கல்லாக இறுகி, கால்விரல்கள் தானாக மடங்கும். எழுந்து சுவரில் பாதத்தை அழுத்தி நிற்க வேண்டும்.

மாத்திரைமேல் எனக்குக் குறையில்லை. 2002-இல் இதை ஜிஸ்டுக்கு அமெரிக்காவில் அனுமதிப்பதற்கு முன்பு, அறுவை சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பழைய கீமோ இந்தக் கட்டியை அசைக்காது. என் ஆதங்கம் வேறு. கட்டியில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று சொல்லும் ரிப்போர்ட் வந்தது மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் கழித்து. எனக்கு கிட் என்ற மரபணுவில் எக்ஸான் 11 என்கிற பகுதியில் மாற்றம், இந்த மருந்துக்கு நன்றாகவே மசிகிற வகை. எக்ஸான் 9 என்றால் பரவிய நோய்க்கு 800 வரை ஏற்றுவார்கள். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ மரபணுவில் டி842வி மாற்றம் இருந்திருந்தால் இமாடினிப் வேலையே செய்யாது. ஐந்து வாரமும் தெரியாமல்தான் விழுங்கியிருக்கிறேன். உங்களுக்கு எழுதிக் கொடுத்தால், முதல் அட்டையைப் பிரிக்குமுன் அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் கெண்டைக்கால் பிடுங்கிக்கொண்டது. மிச்சம் இருபத்திரண்டு மாதம்.