தெஹிவளைப் பழைய வீடா, வெள்ளவத்தைத் தொடர்மாடியா?

சென்ற வருடம் கொழும்புப் பகுதியில் வீடு தேடி அலைந்த எங்களுக்கு இறுதியில் இரண்டு தெரிவுகள் எஞ்சின: வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் ஒரு புதிய தொடர்மாடி வீடு, தெஹிவளையில் பத்துப் பேர்ச்சஸ் காணியில், கபுக் எனும் செம்புரைக் கல்லால் கட்டி ஓடு வேய்ந்த ஒரு பழைய வீடு. நாங்கள் பழைய வீட்டையே வாங்கினோம். ஆகவே இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

வெள்ளவத்தையின் வசதிகளைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோயில், சந்தை, ரயில் நிலையம் யாவும் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன.

முன்பெல்லாம் இத்தகைய பழைய வீட்டுக்குக் காணியின் விலையை மட்டும் பேசுவார்கள். இடிக்கும் செலவைக் கழித்துக் கேட்டவர்களும் உண்டு. கொழும்பு 3இல் நான்கு சிறு வீடுகளை இணைத்துத் தம் இல்லமாக்கிய கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, நடுமுற்றத்தையும் பழைய கதவுகளையும் தூண்களையும் கையாண்ட விதம் பலருடைய கண்களைத் திறந்தது. எங்களுக்குப் போட்டியாக வந்த இளம் தம்பதியர் முதலில் குனிந்து தடவிப் பார்த்தது சிவப்புச் சீமெந்துத் தரையைத்தான். ஆயினும் வங்கியின் மதிப்பீட்டாளர் அந்தத் தரைக்கு ஒரு சதமும் சேர்க்கவில்லை. ரசனையால் கூடிய விலையை நாங்கள் கைக்காசாகவே கொடுக்க நேர்ந்தது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பே. ஓட்டுக்கூரையில் உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றலாம். மே மாதத்தில் மழை தொடங்குமுன் பீலியைத் துப்புரவாக்க ஏறிய கூரைவேலை பாஸ், ஓடுகளைத் தாங்கும் ஒரு சலாகையை விரலால் அழுத்த, கறையான் அரித்த மரம் மாவாக உதிர்ந்தது. மூன்று சலாகைகளை மாற்றினோம், ஒழுக்கு நின்றது. எவருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை. தொடர்மாடியிலோ, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி கூரையும் லிப்டும் பொதுச் சொத்து. ஒன்று பழுதானால் மற்ற உரிமையாளரும் பணம் கட்டும்வரை பொறுத்திருக்க நேரலாம். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது, மாடிவாசிகளான எங்கள் உறவினர் தண்ணீரைப் படியேறிச் சுமந்தார்கள். எங்கள் முற்றத்தில் கிணறு இருக்கிறது.

விற்கும்போதும் அந்தப் பத்துப் பேர்ச்சஸ், அதாவது 2,722 சதுர அடி நிலம், முழுமையாக எங்களுடையது. தொடர்மாடி உரிமையாளருக்கு நிலத்தில் இருப்பது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே.

எனினும் நாங்கள் இவ்வீட்டில் கண்டது ஒரே ஒரு தென்மேல் பருவமழைதான். தனித்து வாழும் முதியவருக்கும், வருடத்தில் பாதியை வெளிநாட்டில் கழிப்பவருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குத் தொடர்மாடியே உகந்தது.