எம்எல்ஏ வேலையா, எம்பி வேலையா?

சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில் ஊர் அரசியல் பேசும் அண்ணன்மார், தமிழ்நாட்டு எம்எல்ஏவும் நம்ம ஊர் எம்பியும் ஒன்றுதானே என்பார்கள். அட, எங்கே ஒன்று!

அங்கே 234 தொகுதி, தொகுதிக்கு ஒரே ஆள். இங்கே 1988 முதல் குழுத்தொகுதி வந்துவிட்டதால் பெரும்பாலும் அணியாகத்தான் நிற்க வேண்டும், அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஆட்கள் பலர் உள்ளே போன வழி அதுதான்.

சம்பளம்? இங்கே ஆண்டுக்கு 192,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வக்கீல் டாக்டர் வேலையையும் விடாமல் பார்க்கலாம். அங்கே மாதம் 1.05 லட்சம் ரூபாய், அப்புறம் ஓய்வூதியம்.

வேலைதான் பெரிய வித்தியாசம். இங்கே அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி நின்றால், புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றத்தை நடத்தும் எம்பியையே நேராகக் கேட்கலாம், வாராவாரம் மக்கள் சந்திப்பும் உண்டு. எம்எல்ஏ நகராட்சியை நடத்துவதில்லை. அதிகாரிகளை நெருக்கலாம், தொகுதி நிதியில் செலவழிக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் கட்சியோடு முட்டிக்கொள்ள நினைப்பவருக்கு எம்எல்ஏ பதவியே மேல்: கட்சி நீக்கினாலும் அங்கே பதவி தங்கும். இங்கே கட்சி நீக்கினால் பதவியும் போச்சு.