கார்டுக்கு அடியில் ஒட்டும் கமெண்ட்: முழுசாக மறைப்பதா, மங்கலாக்குவதா?

குரூப் 4-க்குப் படிக்கும் குறிப்புகளை ஆப்சிடியன் என்ற குறிப்பெழுதும் ஆப்பில் வைத்திருக்கிறேன். அதில் ஸ்பேஸ்டு ரிப்பிட்டிஷன் ப்ளகின் (கேள்வி-பதில் கார்டுகளை நாள் இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டுவது), ஒரு கார்டைப் பார்த்து முடித்ததும் தன் கணக்குக்காக அதன் அடியில் ஒரு கமெண்ட்டைச் செருகிவிடும். ‘சுப்பிரமணிய சிவா மறைந்த ஊர்::பாப்பாரப்பட்டி’ என்ற வரிக்குக் கீழே, <!-- -->க்கு நடுவில், 2025-03-14,9,250 என்று நிற்கும். அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி, இடைவெளி நாள், கார்டு எவ்வளவு சுலபம் என்பதற்கான எண். 400 கார்டு சேர்ந்தால் தகடூர் வரலாறு எண்களுக்குள் புதைந்துவிடும்.

படிக்கும் வியூவில் இவை தெரியாது. தொல்லை எடிட் செய்யும்போதுதான். கமெண்ட்டைக் கார்டின் அதே வரியில் ஒட்டச் சொல்லும் செட்டிங் உண்டு. வரி குறையும், உறுத்தல் குறையாது. அப்புறம் மிச்சம் சிஎஸ்எஸ் ஸ்னிப்பெட்தான், அதாவது திரையில் எது எப்படித் தெரிய வேண்டும் என்று நாமே எழுதிச் சேர்க்கும் சின்ன கோடு.

ஓசூரில் ஐடி வேலையில் இருக்கும் சித்தி பையன், “கமெண்ட் கிளாஸுக்கு டிஸ்ப்ளே நன் குடுத்துடுங்கண்ணா, ஒரே வரி” என்றான். கொடுத்தேன். கமெண்ட் என்ற வகைக்குள் (கிளாஸ்) வரும் எல்லாம் திரையிலிருந்து மறைந்து, பக்கம் புத்தகம் மாதிரி ஆனது. இரண்டு வாரம் சந்தோஷம்.

பிறகு ஒரு நாள், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 9.2.2004 என்ற கார்டுக்குக் கீழே ஒரு வெற்று வரி தெரிந்தது. எடுத்துவிடலாம் என்று பேக்ஸ்பேஸைத் தட்டினேன். ஒன்றும் நகரவில்லை. கீ மக்கர் செய்கிறதோ என்று இன்னும் நாலைந்து தட்டு, அப்புறம் அழுத்திப் பிடித்தேன். அழிந்துகொண்டிருந்தது கண்ணுக்குத் தெரியாத கமெண்ட். தேதி போனதால் அந்தக் கார்டு புதுசாகத் திரும்பி வந்தது. அதைவிட மோசம், <!-- மட்டும் மூடப்படாமல் நின்றதால், அடுத்த --> வரும்வரை எல்லாம் கமெண்ட் கணக்கில் சேர்ந்து, கீழே இருந்த அதியமான் நெல்லிக்கனி கார்டு படிக்கும் வியூவில் காணவே இல்லை. கண்டுபிடிக்க அரை மணி நேரம்.

இன்னொன்றும் உண்டு. நானே %% போட்டு (ஆப்சிடியனில் கமெண்ட் எழுத இன்னொரு வழி) எழுதிவைத்த ‘சரிபார்க்க வேண்டும்’ குறிப்புகளும் அதே கிளாஸ். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பிரிக்க சிஎஸ்எஸ்ஸுக்குத் தெரியாது. ப்ளகின் கமெண்ட்டோடு என் சந்தேகங்களும் மறைந்துபோயின.

இப்போது என் ஸ்னிப்பெட்டில் ஒப்பாசிட்டி (எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பது; 1 என்றால் முழுசாக) 0.15, எழுத்து சின்னது. கர்சர் நிற்கும் வரியில் மட்டும் ஒப்பாசிட்டி 1. தூரத்தில் பார்த்தால் பென்சில் கறை மாதிரி. கிட்டப் போனால் முழுசாகத் தெரியும். எதை அழிக்கிறோம் என்று தெரிந்து அழிக்கலாம். பக்கம் அத்தனை சுத்தமாக இல்லை என்பது உண்மைதான், அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

லேப்டாப்பில் இரண்டு மாதம் ஓட்டியதை வைத்துத்தான் சொல்கிறேன். போனில் கார்டு புரட்டுவதோடு சரி, திருத்துவதில்லை. தீமும் ஒன்றே ஒன்றுதான் போட்டுப் பார்த்தேன்.

சித்தி பையன் இன்னும் டிஸ்ப்ளே நன்தான். அவனுக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. எழுதியதை அவன் திரும்பத் திருத்துவதே கிடையாது.