ரம்மியில் விட்ட பணத்தை மீட்டுத் தருவதாக அழைப்பவர்களிடம் உங்கள் ஓய்வூதியக் கணக்கைக் கொடுக்காதீர்கள்

நாமக்கல்லில் பதினான்கு ஆண்டுகள் லாரி ஓட்டினேன். 2021இல் நடந்த விபத்தில் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் எங்கள் வீட்டுக்கு உறுதியாக வரும் பணம் இரண்டே வகை: எனக்கு வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் ரூ.1,500, என் மனைவிக்கு வரும் மகளிர் உரிமைத்தொகை ரூ.1,000. அவர் கோழிப்பண்ணை வேலைக்குப் போகும் நாட்களில் கிடைக்கும் கூலி தனி. இந்தப் பணத்தை நம்பி வாழும் வீட்டில் சூதாட்டப் பழக்கம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதையும், அந்தப் பழக்கத்தையே தூண்டிலாக்கி என்னை இரண்டாவது முறை எப்படி ஏமாற்றினார்கள் என்பதையும், என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படுக்கையில் கிடந்த மாதங்களில்தான் ரம்மி செயலி என் கைப்பேசிக்கு வந்தது. முதலில் ஐம்பது, நூறு ரூபாய். பிறகு ஓய்வூதியம் வரவு வைக்கப்படும் குறுஞ்செய்திக்காகவே காத்திருந்து, அது வந்த ஒரு மணி நேரத்துக்குள் முழுத் தொகையையும் தோற்ற மாதங்கள் உண்டு. மனைவி சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனிலும் கை வைத்தேன். மூன்றரை ஆண்டுகளில் போனது ஏறத்தாழ இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். தோற்ற பணத்தை மீண்டும் ஆடியே மீட்கப் பார்ப்பதை ஆடுகிறவர்கள் ‘விட்டதைப் பிடிப்பது’ என்பார்கள். ஜெயிக்கும் ஆசை எனக்குச் சில மாதங்களிலேயே போய்விட்டது. விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடலாம் என்ற எண்ணம்தான் இரவெல்லாம் என்னை விழித்திருக்க வைத்தது. தமிழ்நாட்டில் 2023இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தபோது, இனி தானாகவே நின்றுவிடும் என்று நினைத்தேன். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தைச் செல்லும் என்று கூறியபோதும், திறமை விளையாட்டுகளான ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நானும் தொடர்ந்து ஆடினேன். 2025இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று விதி வந்தபோது, பன்னிரண்டு மணிக்குள் எவ்வளவு ஆட முடியுமோ அவ்வளவு ஆடினேன்.

2025 ஆகஸ்டு 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. என் செயலியிலும் பணம் கட்டும் வழி அடைபட்டது. அந்த வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பது உண்மை. ஆனால் விட்டதைப் பிடிக்கும் எண்ணம் தூங்கவில்லை. ரம்மியில் பணம் இழந்தவர்களுக்கான குழு என்று டெலிகிராமில் ஒன்றைக் கண்டு சேர்ந்தேன். அங்கிருந்த படிவத்தில் என் பெயர், எண், இழந்த தொகை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அழைத்தவர் மிகவும் மரியாதையாக, ‘ஐயா’ என்று சொல்லித்தான் பேசினார். புதிய சட்டத்தின்படி நிறுவனங்கள் தோற்றவர்களின் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதற்கான சட்ட ஆலோசகர்கள் நாங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு என்றார். அப்படி ஒரு பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பதிவுக் கட்டணம் ரூ.1,999, பிறகு வரி என்று ரூ.2,400 வாங்கினார்கள். இவ்வளவோடு முடிந்திருந்தால் இதைப் பணம் போன கதையாக மட்டும் சொல்லியிருப்பேன்.

உங்கள் கணக்கு இயங்குகிறதா என்று பார்க்க ஒரு தொகை அனுப்புகிறோம், அதை எங்கள் கணக்காளரின் யுபிஐக்குத் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். முதலில் ரூ.18,000 வந்தது. உண்மையாகவே பணம் வந்ததைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. மூன்று முறையாக மொத்தம் ரூ.49,000 வந்தது, மூன்று முறையும் நான் திருப்பி அனுப்பினேன். அந்தப் பணம் வேறு மாநிலத்தில் வேறு யாரோ ஏமாந்து கட்டிய பணம். அவர் காவல்துறையில் புகார் கொடுத்தார், பணம் போன வழியில் என் கணக்கு இருந்தது, கணக்கை முடக்கிவிட்டார்கள். அடுத்த மாத ஓய்வூதியம் கணக்கில் வரவாகி, எடுக்க முடியாமல் அப்படியே நின்றது.

வங்கிக் கிளையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊன்றுகோலுடன் நான்கு முறை படியேறினேன். மேலிடத்து உத்தரவு, எங்களுக்கு எதுவும் தெரியாது என்ற பதிலைத் தவிர மூன்று வாரங்கள் வேறெதுவும் கிடைக்கவில்லை. நாம் கேட்க வேண்டியது எது என்பது எனக்கும் தெரிந்திருக்கவில்லை. புகாரின் ஒப்புகை எண், எந்த ஊர்க் காவல் நிலையம், எவ்வளவு தொகை சந்தேகத்துக்குரியது என்ற மூன்றையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கொடுத்த கடிதத்துக்கு முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். முழுக் கணக்கையும் முடக்காமல் சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுக் கணக்கை இயக்க அனுமதிக்க வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டிருப்பதையும் மனுவில் குறிப்பிடலாம். நான் இவ்வளவையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒப்புகை எண் கிடைத்தது. அதை வைத்து விசாரணை அதிகாரிக்கு நடந்ததை விளக்கிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் அழைத்தால் அந்தப் பணத்தை இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நான் அழைத்தது நாற்பது நாள் கழித்து.

ஓய்வூதியம் பெற, முடக்கிய கணக்கு திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, வேறு கணக்குக்கு மாற்றக் கேட்டேன். இப்போது அஞ்சலகத்தில் புதிய கணக்கில் வருகிறது. அந்தக் கணக்கை எந்த யுபிஐ செயலியிலும் இணைக்கவில்லை; பாஸ்புக் மனைவியிடம் இருக்கிறது; நான் பட்டன் போனுக்கு மாறிவிட்டேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாதம் ஒரு முறை போகிறேன். அங்கே போகத் தயங்குபவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நானும் முதலில் அந்த எண்ணில்தான், இரவு இரண்டு மணிக்கு, பேசினேன்.

பழைய கணக்கு இதை எழுதும் இன்று வரை திறக்கப்படவில்லை. போன வாரம் புதிய எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. முடக்கப்பட்ட கணக்கை மூன்றாயிரம் ரூபாயில் திறந்து தருவதாகச் சொன்னார்கள். அதே மரியாதை, அதே ‘ஐயா’. அந்த எண்ணையும் புகாரில் சேர்த்திருக்கிறேன்.