உறுதி அக்காவின் பெட்டிக்குள்: காணிப் பதிவகப் பிரதிச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தாயின் பெயரில் வளவு. தாய் இல்லை. மூல உறுதி மூத்த மகளிடம். தம்பி தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போகிறான். வாங்குபவரோ "உறுதியைக் கையில தந்தாத்தான் மிச்சக் காசு" என்கிறார். வீட்டையும் வளவையும் பெண்பிள்ளைக்கு எழுதும் நம் பக்கத்தில் இந்தத் தகராறு புதிதல்ல. இதில் மாட்டியவருக்கு மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை காணிப் பதிவகங்களில் உதவக்கூடியவை இரண்டு: ஃபோலியோவை, அதாவது அந்தக் காணியின் உறுதிகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டுப் பக்கத்தைத் தேடிப் பார்ப்பது, உறுதியின் சான்றுப்படுத்திய பிரதி எடுப்பது. இங்கே எடைபோடுவது அந்த இரண்டையும்தான்.

கடதாசி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே காணியும் இருக்கிறது என்ற நம்பிக்கையை முதலில் கழற்றிவைக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருக்க எழுதிய உறுதியால்தான் காணி கைமாறும். கடன்காரரிடம் உறுதியைக் கொடுத்துக் காசு வாங்கினாலும் அது ஈடு (அடமானம்) ஆகாது. ஈட்டுறுதி எழுத வேண்டும். அக்கா பூட்டிவைத்தாலும் தம்பி தன் பிரிக்கப்படாத பங்கை விற்கலாம், மற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டியதில்லை. வடமாகாணக் காணிகளுக்குத் தேசவழமைச் சட்டம் தரும் முற்கொள்வனவு உரிமையும் (வெளியாளுக்கு முன் பங்காளி வாங்கும் உரிமை) இங்கே செல்லாது.

எந்தப் பங்கு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தாய் விருப்புறுதி எழுதாமல் இறந்து தகப்பன் இருந்தால் பாதி அவருக்கு. பிள்ளைகள் நாலு பேரென்றால் மீதிப் பாதி அவர்களுக்கு, அதாவது ஆளுக்கு 1/8. தம்பி 1/4 என்று எழுதிக் கொடுத்தாலும் வாங்குபவருக்குக் கிடைப்பது 1/8தான். முஸ்லிம் குடும்பமென்றால் கணக்கே வேறு.

இனிச் சேவைக்கு வருவோம். உறுதி எழுதும் நொத்தாரிசு மூலப்பிரதியைக் கட்சிக்காரரிடம் கொடுப்பார், ஒரு பிரதியைத் தன்னிடம் வைப்பார், இணைப்பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அக்கா தர மறுப்பது இதில் முதலாவதை மட்டும். பதிவகத்தில் பிரதி எடுக்க உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தேவை. அவை தெரியாவிட்டால் பழைய ஈட்டுறுதி, நில அளவைப் படம், அந்தக் காணியிலிருந்து பிரித்துக் கொடுத்த துண்டின் உறுதி ஆகியவற்றைப் புரட்டுங்கள்; முன்னுறுதியின் விபரம் பெரும்பாலும் அவற்றில் இருக்கும். நொத்தாரிசு காலமாகிவிட்டால் அவர் வைத்திருந்த பிரதிகளும் பதிவகத்துக்கே போய்ச் சேர வேண்டியவை.

ஃபோலியோவைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். மேலே காணியின் பெயர், ஊர், பற்று, நாலெல்லை, பரப்பு. கீழே கொடுத்தவர், பெற்றவர், உறுதியின் தன்மை, இலக்கம், நொத்தாரிசு. ஏடு நிறைந்தால் வேறு தொகுதிக்குத் தொடரும். அந்தத் தொடர்ச்சிக் குறிப்பைத் தவறவிட்டுப் பாதியில் நிற்பவர்கள் "வில்லங்கம் ஒண்டுமில்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆகக் குறைந்தது 30 வருடம் பின்னோக்கிப் பாருங்கள். வயற்காணியின் பழைய உறுதியில் பரப்பு அவண விதைப்பாகவும் புதியதில் ஏக்கர், ஹெக்டயராகவும் இருக்கும். இரண்டும் ஒரே துண்டா என்பதை எல்லைகளை வைத்தே தீர்மானிக்க வேண்டும். அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது. கல்முனையிலோ அம்பாறையிலோ தொடர் அறுந்தால் மட்டக்களப்பிலும் கேட்டுப் பாருங்கள்.

சேவையின் பெரிய பலவீனம், இது உறுதிகளைப் பதிகிறதே தவிர உரித்தைச் சான்றுப்படுத்துவதில்லை. கள்ள உறுதியும் அதே ஏட்டில் ஏறும். சரியான உறுதிகூட, முந்திய ஃபோலியோவோடு தொடுக்காமல் புது ஏட்டில் ஏறிவிட்டால் முறையான பதிவாக எடுபடாமல் போகலாம். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, மோசடி இல்லாமல் பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை. ஆகவே வாங்குபவர் மூல உறுதிக்காக அக்காவோடு இழுபறிப்படும் நேரத்தில் தன் உறுதி சரியான ஃபோலியோவில் ஏறிவிட்டதா என்று பார்ப்பது மேல். பயந்திருக்கும் பங்காளி, காணிமீது புது ஆவணம் பதிவுக்கு வந்தால் தனக்கு அறிவிக்கும்படி பதிவகத்தில் கேவியட் போடலாம். இவ்வளவு பயனுள்ள வசதியை இங்கே அதிகம்பேர் பாவிப்பதில்லை.

பிரதியால் ஆகாதவையும் உண்டு. ஈட்டுக் கடன் கொடுக்கும் வங்கி மூலப்பிரதியைத்தான் கேட்கும். வழக்கில் மறுதரப்பிடம் இருக்கும் உறுதியை முன்வைக்கச் சொல்லி அறிவித்தல் கொடுத்தபின், வராவிட்டால் பிரதியைச் சான்றாக வைக்கலாம். ஆனால் 30 வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் உண்மையானதென்று நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு சொல்கிறது. பழைய மூல உறுதிக்கு இருக்கும் மதிப்பு அது. உறுதி தொலைந்ததென்று பொலிசில் பொய் முறைப்பாடு போடும் ஆலோசனையை யாரும் கேட்க வேண்டாம். அக்கா உறுதியோடு மன்றுக்கு வந்த நிமிடமே மற்ற வாக்குமூலங்களும் அடிபட்டுப் போகும்.

முழுக் காணியையும் வாங்குபவர் கையொப்பமிடும் நாளிலேயே மூல உறுதியைக் கேட்டு வாங்கட்டும். பங்கு மட்டும் வாங்குபவர், முன்னுறுதியைத் தேவைப்படும்போது காட்டுவதாகவும் பிரதி தருவதாகவும் விற்பவரை உறுதியிலேயே எழுதவைக்க வேண்டும். முன்னுறுதி அக்காவிடமென்றால் அவரையும் கட்சிக்காரராகச் சேர்த்துக் கையொப்பம் பெறுங்கள். "கிழக்குப் பக்கம் பத்து பேர்ச்" என்று துண்டு காட்டி விற்றாலும், மற்றவர்கள் ஒப்பாதவரை அது பிரியாத பங்குதான். பிரிக்க ஒத்துவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கு. அதன் லிஸ்பென்டன்ஸ் (காணிமீது வழக்கு இருக்கிறதென்ற அறிவித்தல்) பதிவகத்தில் பதிவான பின் வழக்கு முடியும்வரை பங்கை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. அதனால் முற்பணம் கொடுக்கும் நாளன்று ஒருதரமும் உறுதி முடிக்கும் அன்று காலையில் இன்னொருதரமும் ஃபோலியோவைப் பாருங்கள்.

பெர்மிட் காணிக்கு, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிக்கு, இந்தச் சேவை போதாது. அதற்குப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கே முதலில் போக வேண்டும்.