பையன் தலைக்கு எண்ணெய் வாங்கி 3,450 ரூபாய் ஏமாந்த கதை

இன்று காலைதான் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பையனுக்கு ஆறு வயது. போன மாதம் பின்மண்டையில் ரூபாய்க் காசு அளவுக்கு முடி கொட்டி, பொடுகு மாதிரி செதில் செதிலாக இருந்தது. ரீல்ஸில் வந்த ஒரு மூலிகை எண்ணெய்ப் பக்கத்துக்கு போட்டோ அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டார். "புழுவெட்டுதான் சிஸ்டர். என் பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, மூணே பாட்டில்ல முளைச்சிடுச்சு." அந்த "என் பொண்ணுக்கும்" என்ற இடத்தில்தான் நான் விழுந்தேன். உடனே 3,450 ரூபாய் அனுப்பினேன்.

எண்ணெயோடு லேபிளே இல்லாத ஒரு சின்ன டப்பா க்ரீமும் வந்தது. தடவிய இரண்டு நாளில் அரிப்பு நின்றது. நாத்தனாருக்கு வேறு சிபாரிசு செய்தேன்! மூன்றாவது வாரம் அதே இடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் கோத்தது. காலையில் தலையணை உறை முழுக்க மஞ்சள் கறை. கழுத்துக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தது.

கூப்பிட்டுச் சொன்னால், "கழிவு வெளிய வருது சிஸ்டர், நல்லதுதான்." மறுநாள், "ஷாம்பு போட்டிருப்பீங்க, அதான்." பணத்தைக் கேட்டதும், "திறந்த பாட்டிலுக்கு ரிட்டர்ன் இல்லை." அப்புறம் பிளாக்.

டாக்டர் லென்ஸ் வைத்துக் காட்டினார். முடி கொட்டவில்லை, தோலை ஒட்டி ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாக நின்றது. புழுவெட்டு என்றால் அந்த இடம் வழுவழுவென்று இருக்குமாம். இது தலையில் வரும் படர்தாமரை. பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் மேலே எதைத் தடவினாலும் தீராது. மாத்திரைதான், ஆறு முதல் எட்டு வாரம், பாலோடு. கூடவே எழுதிக் கொடுத்த ஷாம்பு மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்கத்தான். அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறார். அது அரிப்பை அமுக்கிவிட்டு பூஞ்சையை வளரவிடும். வீங்கிய இடத்தில் தழும்பு விழுந்தால் முடி திரும்ப வராமலும் போகலாம் என்றார். அதைக் கேட்டபோது என் கை நடுங்கியது.

டாக்டர் ஃபீஸ் 400 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய் 3,450 ரூபாய்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. லேபிள் இல்லாத எதையும் குழந்தை தலையில் தடவாதீர்கள். போட்டோவைப் பார்த்து நோய் சொல்பவரை நம்பாதீர்கள். சீப்பு, துண்டு, தொப்பி தனித்தனியாக வையுங்கள். வீட்டில் மற்ற பிள்ளைகள் தலையையும் பாருங்கள். பாப்பா தலையில் இப்போதுதான் ஒரு செதில் கண்ணில் பட்டது. நாளைக்கு இன்னொரு 400.