பாட்டு வகுப்பு: ஜூமா, வாட்ஸ்அப் பதிவா?

மலேசியாவில் 2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் கோயில் கச்சேரி, கல்யாண மேளம் எல்லாம் நின்றன. சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பாட்டு வாத்தியார்களுக்கு மிஞ்சியது வகுப்புக் கட்டணம்தான். நேரில் நடத்த முடியாத அந்த வகுப்பை ஜூமில் நேரலையாக நடத்துவதா, பாடிப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதா என்பதுதான் கேள்வி.

ஜூமில் பிழையை அங்கேயே திருத்தலாம். ஆனால் ஒலி தாமதமாகச் சேர்வதால் குருவும் பிள்ளையும் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் பாட, மற்றவர் மைக்கை அணைத்துக் கேட்டு, பிறகு திருப்பிப் பாட வேண்டும். தாளத்தையும் பிள்ளையே போட வேண்டும். தம்பூராவின் விடாத ரீங்காரத்தை ஜூம் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். அதற்கு என்ன தெரியும், பாவம். அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' போட்டு, சுருதிப்பெட்டியை அவரவர் வீட்டில் ஒரே கட்டைக்கு (சுருதி அளவுக்கு) வைத்துக்கொள்ளலாம். இலவசக் கணக்கில் வகுப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும்.

லைன் தடுமாறும் தோட்ட வீடுகளுக்குப் பதிவுதான் தோது. ஒரு சங்கதிக்கு (ஒரே வரியை மாற்றிப் பாடும் ஒவ்வொரு விதத்துக்கும்) ஒரு பதிவு. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் ஒலி நசுங்காது. தப்பான கமகம் (சுரத்தை அசைத்துக் குழைக்கும் விதம்) ஊறிப்போன பிறகே தெரியவரும் என்பதுதான் தொல்லை. அதனால் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஜூம், அடிப்படைப் பயிற்சிகளுக்குப் பிறகு வரும் வர்ணத்தைத் தாண்டியவர்களுக்குப் பதிவு.

நாதஸ்வரத்துக்கு இரண்டுமே சிரமம்: கைப்பேசியைப் பக்கத்தில் வைத்தால் ஒலி உடைந்துபோகும், அடுத்த அறையில் வைக்க வேண்டும்.